மலாயா சண்டையில் காணாமல் போனவர் எந்தக் கணக்கில் வருவார்?

கோரையாற்றுக்காரி (திருத்துறைப்பூண்டி வட்டம்) எழுதியது:

எங்கள் குடும்பத்தில் ஒன்பது மா நஞ்சை இன்னும் பாகம் பிரிக்காமல் கிடக்கிறது. என் தாத்தாவும் அவர் தம்பியும் சிறுவர்களாக இருந்தபோது அவர்கள் அப்பா இருவர் பேரிலும் சேர்த்துக் கிரயம் வாங்கிய நிலம். தம்பி, அதாவது எங்கள் சின்னத் தாத்தா, 1937ல் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த ஒரு கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனவர். அங்கிருந்து பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். 1941 வரை கடிதமும் பணமும் வந்திருக்கிறது. அந்த டிசம்பரில் ஜப்பான்காரர்கள் மலாயாவில் இறங்கியதும் எல்லாம் நின்றுவிட்டது. அப்புறம் அவரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

வீட்டில் யாரைக் கேட்டாலும் "சண்டையில காணாமப் போயிட்டாரு" என்பார்கள். அவர் சிப்பாய் கிடையாது. நேதாஜி படையில் சேர்ந்தார் என்கிறார் பெரியப்பா. சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் போடப் பிடித்துப் போனார்கள் என்பது என் அப்பா கேள்விப்பட்டது. அத்தை மட்டும், அங்கேயே குடும்பமாகி நம்மை மறந்திருப்பார் என்று இன்றைக்கும் கோபமாகச் சொல்வார். இப்போது பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப் போனால் அவர் இறப்புக்கும் அவர் வாரிசுக்கும் ஆதாரம் கேட்கிறார்கள்.

ராணுவத்தில் "மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்" என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களே, அதில் இவர் மாதிரி ஆள் வருவாரா? வரவில்லை என்றால் வேறு எதில் வருவார்? அதை யார் சொல்ல வேண்டும்? பத்திர வேலை முடிந்தால் போதும் என்று நான் கேட்கவில்லை. இறந்தவருக்குச் செய்வதும் செய்யாமல், இருப்பவருக்குச் செய்வதும் செய்யாமல் மூன்று தலைமுறை ஓட்டிவிட்டோம். அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.


முன்னாள் ஹவில்தார் (ஒரத்தநாடு) எழுதியது:

தங்கச்சி, எனக்குத் தெரிந்த ராணுவக் கணக்கைச் சொல்கிறேன். சண்டை முடிந்ததும் யூனிட்டில் ஆள் எண்ணுவார்கள். உடல் கிடைத்தவர்கள் ஒரு பட்டியல், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஒரு பட்டியல், எதிரியிடம் பிடிபட்டார் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் ஒரு பட்டியல். இந்த மூன்றிலும் இல்லாமல் ஆளும் நிற்காவிட்டால் அவர்தான் நீங்கள் கேட்கும் கணக்கில் வருவார். பிறகு விசாரணை நடக்கும், கடைசியாக அவரை யார் பார்த்தது, எங்கே, என்ன நிலையில் என்று கேட்டு எழுதுவார்கள். அதை வைத்து "இறந்திருக்கக்கூடும்" என்று மாற்றுவதும் உண்டு.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம், ஆள் எண்ணும்போது விழும் அதே வெற்றிடம் வேறு மாதிரியும் எழுதப்படலாம். விடுப்பு இல்லாமல் 30 நாள் ஆள் வரவில்லை என்றால் 1950 ராணுவச் சட்டப்படி விசாரணை வைப்பார்கள். அதற்கப்புறமும் வரவில்லை, பிடிபடவும் இல்லை என்றால் ஓடிப்போனவர் என்றே கருதப்படுவார். 1999 கார்கில் சமயத்தில் காணாமல் போன ஒரு ஜவானை அப்படித்தான் ஓடிப்போனவர் என்று எழுதிவிட்டார்கள், அவரோ பாகிஸ்தான் சிறையில் இருந்தார். 2004ல் விடுதலையாகி உத்தரப் பிரதேசத்தில் சொந்த ஊருக்கு வந்தபோது மனைவிக்கு மறுமணம் ஆகியிருந்தது, அந்தப் பெண் கர்ப்பமாகவும் இருந்தார். யாரோடு வாழ வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்து கூடிப் பேசியதை டிவியில் போட்டுக் காட்டினார்கள். முதல் கணவரிடமே அனுப்பினார்கள். 2006ல் அந்தப் பெண் இறந்துபோனார். ஒரு பதிவேட்டில் தப்பான கட்டத்தில் பெயர் விழுந்ததற்கு அந்தப் பெண் கொடுத்த விலை அது, எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

1965, 1971 போர்களில் காணாமல் போன 54 பேர் பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக இந்திய அரசு நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கிறது, அப்படி யாரும் தங்களிடம் இல்லை என்கிறது பாகிஸ்தான். 2007ல் உறவினர்கள் 14 பேர் நேரில் போய்ச் சிறைகளைப் பார்த்தார்கள், ஒருவரும் கிடைக்கவில்லை. சண்டையே இல்லாமல் காணாமல் போவதும் உண்டு. 1984ல் சியாச்சினில் பனிச்சரிவில் போன ஒருவர் 2022 ஆகஸ்டில் கிடைத்தார், கழுத்துத் தகட்டில் இருந்த ராணுவ எண்ணை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். 1968ல் ரோட்டாங் பக்கம் 102 பேரோடு விழுந்த விமானத்தில் இருந்தவர்களின் உடல்கள் 2024ல்கூடக் கிடைத்திருக்கின்றன.

உங்கள் சின்னத் தாத்தா தோட்டத் தொழிலாளி. அவர் எந்த யூனிட்டிலும் இல்லை. அதனால் ராணுவக் கணக்கில் அவர் வரமாட்டார். வருத்தமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும் இல்லையா.


தென்னந்தோப்பு (பேராவூரணி) எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் சின்னதாக ஒன்று. எங்கள் வயதுக்காரர்கள் இந்தச் சொல்லைத் தினமும் பயன்படுத்துகிறோம். ஜூன் 12ல் மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத வருடத்தில், பொறுப்பில் இருந்த ஒருவரும் வாய்க்கால் பக்கம் வராததால் எங்கள் விவசாயிகள் வாட்ஸ்ஆப் குழுவில் அவரை "மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்" என்றுதான் எழுதினோம். இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் இல்லாதவர் என்ற பொருளில். ஊரில் தொகுதிப் பக்கம் வராதவருக்குக் "காணவில்லை" சுவரொட்டி ஒட்டுவார்களே, அதுபோல. அப்படிச் சொல்வது தப்பா என்று ஹவில்தார் ஐயாவைக் கேட்கிறேன்.


முன்னாள் ஹவில்தார் எழுதியது:

தப்பு என்று சொல்லமாட்டேன் தம்பி. ஆனால் நீங்கள் சொல்வது கடமைக்கு வராதவரை. நான் சொன்னது கடமைக்குப் போய்த் திரும்பாதவரை. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் இரண்டாமவர் வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கவே கஷ்டமாக இருக்கும், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.


வாடைக்காற்று (அக்கரைப்பேட்டை, நாகை) எழுதியது:

கடமைக்குப் போய்த் திரும்பாதவர் என்றால் எங்கள் கடற்கரை முழுக்க அந்தக் கணக்கு இருக்கிறது அண்ணே. என் மாமனார் ஃபைபர் போட்டில் மூன்று பேரோடு தொழிலுக்குப் போனவர். இரண்டு பேர் வேறு போட்டுக்காரர்களால் கரை சேர்ந்தார்கள், மாமனாரும் இன்னொருவரும் வரவில்லை. இப்படி ஆனால் எங்கள் ஊரில் நாட்டார் (ஊர்த் தலைவர்கள்) கூடி எல்லோருடைய தொழிலையும் நிறுத்தச் சொல்வார்கள், ஊர் போட்டெல்லாம் தேடத்தான் போகும், டீசல் செலவு ஊருடையது. கோஸ்ட் கார்டுக்கும் மீன்துறைக்கும் சொல்வார்கள், கோடியக்கரை, பழையாறு, காரைக்கால் என்று எல்லாப் பக்கமும் போன் போகும். சில நாளில் தேடுவது நிற்கும். நிற்கிற அன்றைக்கு யாரும் வந்து "இறந்துவிட்டார்" என்று சொல்லமாட்டார்கள். தொழில் மறுபடி தொடங்கும், அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் வீட்டில் உள்ள பெண்ணுக்குத் தொடங்குகிறது. என் மாமியார் தாலியைக் கழற்றவில்லை, கழற்றச் சொல்லவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நல்ல காரியத்துக்குக் கூப்பிடலாமா கூடாதா என்று அக்கம்பக்கத்தில் குழப்பம், அதனால் எதற்கும் கூப்பிடாமலே விட்டார்கள். ரேஷன் கார்டில் மாமனார் பெயர் இருக்கிறது, வங்கிக் கணக்கில் அவர் பணம் கிடக்கிறது, அதை எடுக்க முடியாது. ஆனால் போட்டுக்கும் வலைக்கும் வாங்கிய கடனை மட்டும் வந்து கேட்டார்கள். கடன்காரருக்கு ஆள் இறந்த மாதிரி, வங்கிக்கு ஆள் உயிரோடு இருக்கிற மாதிரி.

2004 டிசம்பர் 26ஐ நான் சொல்ல வேண்டியதில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அடையாளம் பார்க்க நேரமில்லாமல் ஒரே குழியில் எத்தனையோ பேரைப் புதைத்தோம். அந்தக் குழியில் இருக்கிறார்களா கடலில் இருக்கிறார்களா என்று தெரியாத வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. எங்கள் தொழிலே கடலோடு போராடுவதுதான், அதனால் எங்கள் ஆட்களும் போரில் காணாமல் போனவர்கள்தான் என்று நான் சொல்வேன், யூனிட் நம்பர் இல்லாவிட்டாலும்.


நோட்டரி படிக்கட்டு (கும்பகோணம்) எழுதியது:

சிவில் வழக்குகள் பார்ப்பவன். சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இரண்டு அக்காமாருக்கும் பயன்படும்.

இந்தியச் சாட்சியச் சட்டம் 1872ல் 107, 108 என்று இரண்டு பிரிவுகள். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்‌ஷ்ய அதிநியமில் அவை 110, 111. ஒருவர் கடந்த 30 வருடத்துக்குள் உயிரோடு இருந்தார் என்று காட்டினால், இறந்துவிட்டார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஆனால் அவர் உயிரோடு இருந்தால் இயல்பாகவே யாருக்குச் செய்தி வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு வருடமாக ஒரு செய்தியும் இல்லை என்றால், உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஏழு வருடம் முடிந்த மறுநாள் தானாகச் சான்றிதழ் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. நீதிமன்றத்தில் கேட்டு உத்தரவு வாங்க வேண்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஏழு வருடம் என்பது இறந்தார் என்று மட்டும்தான் அனுமானிக்க வைக்கும், எந்தத் தேதியில் இறந்தார் என்று சொல்லாது. காப்பீட்டு வழக்கு ஒன்றில் 2004ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. காணாமல் போன அன்றே இறந்தார் என்று வைத்துக்கொண்டு குடும்பம் பிரீமியம் கட்டாமல் விட்டிருந்தது, பாலிசி காலாவதியாகிவிட்டது, பணம் கிடைக்கவில்லை. ஆகவே வாடைக்காற்று அக்கா, உங்கள் பக்கம் யார் வீட்டிலாவது ஆள் காணாமல் போனால் முதல் வேலை போலீஸில் புகார் கொடுத்து எப்ஐஆர் நகல் வாங்குவது, அடுத்தது காப்பீட்டுத் தவணையை நிறுத்தாமல் இருப்பது. துக்கத்தில் இருக்கும் வீட்டில் போய் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

அரசு நினைத்தால் இந்த ஏழு வருடத்தைத் தளர்த்தவும் முடியும். 2017 ஒக்கி புயலில் குமரிக் கடலில் போனவர்களுக்கு அப்படித்தான் நிவாரணம் கொடுத்தார்கள். மத்திய அரசு ஊழியர் காணாமல் போனால் எப்ஐஆர் பதிவாகி ஆறு மாதத்திலேயே குடும்ப ஓய்வூதியம் கேட்கலாம். 2016 ஜூலை 22ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் போன விமானப்படை ஏஎன்-32 விமானம் 29 பேரோடு மறைந்ததே, அவர்கள் இறந்ததாகக் கொள்ளப்படுகிறது என்று அதே செப்டம்பரில் குடும்பங்களுக்கு எழுதிவிட்டார்கள். விமானத்தின் சிதறல்கள் சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் இருப்பது 2024 ஜனவரியில்தான் தெரியவந்தது. அதே வங்கக் கடலில் போன ஃபைபர் போட்டுக்காரர் குடும்பத்துக்கு ஏழு வருடம்.

கோரையாற்று அக்கா, உங்கள் விஷயத்தில் சின்னத் தாத்தா இன்று இல்லை என்று நீதிமன்றத்தை ஏற்கவைப்பது கஷ்டமே இல்லை, இருந்தால் நூறு வயது தாண்டியிருப்பார். சிக்கல் தேதியில் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17ல் வந்தது. அதற்கு முன் இறந்தாரா பின் இறந்தாரா என்பதைப் பொறுத்து அவர் பாதி யாருக்கு என்பது மாறும். உங்கள் அத்தை சொல்கிறபடி அங்கே அவருக்கு மனைவி மக்கள் இருந்தால் அவர்களுக்கும் உரிமை உண்டு. 1943ல் இறந்தார் என்று நீங்கள் சொன்னால் அதற்கு ஆதாரம் நீங்கள்தான் காட்ட வேண்டும்.


கோரையாற்றுக்காரி எழுதியது:

நன்றி தம்பி. ஆதாரம் என்று கேட்டால் எங்களிடம் இருப்பது ஒரு டிரங்குப் பெட்டியில் சில கடிதங்கள், தோட்டத்தின் பெயர் போட்ட முத்திரை, அவ்வளவுதான். அங்கே குடும்பம் இருந்தால் அவர்கள் பங்கை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. உண்மையில் அப்படி ஒரு குடும்பம் இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஹவில்தார் அண்ணன் சொன்னதில் ஒன்றுதான் மனதில் நிற்கிறது. யூனிட் இருந்தால் கடைசியாகப் பார்த்தவரை விசாரிப்பார்கள் என்றார். இவருக்காக ஒருவரையும் ஒருவரும் விசாரிக்கவில்லை.


கிள்ளான் பேரன் (மலேசியா, பூர்வீகம் நன்னிலம்) எழுதியது:

அக்கா, பேராக் தோட்டம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பாட்டியின் அண்ணனும் அதே கதைதான், அவர் சயாம் போனார் என்பது மட்டும் எங்களுக்கு உறுதியாகத் தெரியும், ஏனென்றால் அவரோடு போய்த் திரும்பிய ஒருவர் வந்து சொன்னார்.

1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த ரயில் பாதை அது, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். வெள்ளைக்காரப் போர்க் கைதிகளை வைத்து மட்டும் வேலை ஓடவில்லை என்றதும் மலாயாத் தோட்டங்களில் ஆள் எடுத்தார்கள். முதலில் கூலியும் சாப்பாடும் தருகிறோம், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லிக் கூட்டினார்கள், பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கட்டாயப்படுத்தினார்கள், வழியில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனதும் நடந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் அரிசி இல்லாத காலம், அதனால் நம்பிப் போனவர்களும் நிறைய. 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா வந்தது. கைதிகளுக்காவது அவர்களோடு பிடிபட்ட ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், தமிழர் முகாம்களில் பெரும்பாலும் அதுவும் இல்லை. சாகும் முன்பே குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள் என்று திரும்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

போர்க் கைதிகளில் சுமார் 13,000 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு ராணுவ எண், பெயர், தேதி இருக்கிறது. காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள், ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு, புல் வெட்டி வைத்திருப்பார்கள். நம்மவர்களும் ஜாவாக்காரர்களும் பர்மியர்களும் சயாமியர்களும் சேர்ந்து 80,000 முதல் ஒரு லட்சம் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பு போடுகிறார்கள். எண்ணிப் பார்க்க ஒரு பட்டியல் இல்லாததால்தான் இருபதாயிரம் வித்தியாசத்தில் மதிப்பு போட வேண்டியிருக்கிறது. இங்குள்ள தமிழர்கள் முயன்று காஞ்சனாபுரியில் ஒரு புத்தர் கோயில் வளாகத்தில் நம்மவர்களுக்கு ஒரு நினைவுக்கல் எழுப்பியிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். பெயர் பொறிக்கப் பெயர்கள் வேண்டும், அவை உங்கள் ஊர்களில் இருக்கின்றன.


முன்னாள் ஹவில்தார் எழுதியது:

படிக்கவே கனமாக இருக்கிறது. ஆனாலும் தம்பி, என் கேள்வியைத் தப்பாக எடுக்க வேண்டாம். கூலி வேலைக்குக் கூட்டிப்போய்ச் செத்தவரைப் போரில் காணாமல் போனவர் என்று சொன்னால், துப்பாக்கி ஏந்திப் போனவருக்கு என்று இருக்கும் மரியாதை கரைந்துவிடாதா? கொடுமைக்குப் பலியானவர் என்று சொல்லுங்கள், நான் தலை வணங்குகிறேன். இரண்டும் ஒன்றா?


குடவாசல் வாத்தியார் எழுதியது:

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன். இதில் ஹவில்தார் ஐயாவோடு நான் உடன்பட முடியாது, காரணத்தைச் சொல்கிறேன்.

அந்த ரயில் பாதையே பர்மாப் போர்முனைக்குப் படையும் சரக்கும் கொண்டுபோக ஜப்பான் ராணுவம் போட்டது. அதில் வேலை செய்த வெள்ளைக்காரக் கைதி இறந்தால் போரில் இறந்தவர், பக்கத்து முகாமில் அதே மண்ணை வெட்டி அதே காலராவில் இறந்த தமிழர் கூலி என்றால், வித்தியாசம் அவர் செய்த வேலையில் எங்கே இருக்கிறது? பெயர் எழுதிவைத்திருந்த புத்தகத்தில் இருக்கிறது. ஒருவரைக் காணவில்லை என்று சொல்ல முதலில் அவர் இருந்தார் என்று ஒரு பட்டியல் வேண்டும். பட்டியலில் இருந்தவருக்குத்தான் பெயருக்கு நேரே வெற்றிடம் விழும். பட்டியலே இல்லாதவர்கள் காணாமல் போனவர்களாகக்கூட ஆகவில்லை, பிறக்காதவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். இத்தனை நாள் யோசித்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது இதுதான்.

ராணுவத்தில் இருந்த நம்மவர்களுக்கே இது நடந்திருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்ஸில் இறந்து கல்லறை தெரியாத இந்தியர்கள் 4,700க்கும் மேற்பட்டோர் பெயர்கள் நவ் ஷாப்பெல் நினைவிடத்தில் இருக்கின்றன. இரண்டாம் போரில் பர்மாவில் அப்படிப் போன 27,000 பேர் வரை ரங்கூன் நினைவிடத்தில், பெரும்பாலும் இந்தியர்கள். சிங்கப்பூரில் 24,000 பெயர்கள். இவ்வளவையும் செய்த காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021ல் ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது என்னவென்றால், முதல் போரில், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்களும் சுமைதூக்கிகளுமாகக் குறைந்தது 1,16,000 பேரை அவர்கள் பெயர் சொல்லி நினைவுகூரவே இல்லை. அவர்களில் துப்பாக்கி ஏந்தியவர்களும் உண்டு ஐயா. ஆகவே மரியாதை கரைவது தொழிலாளியைச் சேர்ப்பதால் வரவில்லை.

கோரையாற்றுக்காரிக்கு ஒரு வேலை. அந்த ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டு இலவசமாகத் தேடலாம், பல இந்தியப் பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கும். எழுத்துக்கூட்டல் தாறுமாறாக இருக்கும், தஞ்சாவூரைத் தஞ்சூர் என்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், அதனால் நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். ஆனால் 1942க்கு முன் மலாயாவில் பிரிட்டிஷ் படையிலோ தன்னார்வப் படையிலோ சேர்ந்திருந்தால்தான் அங்கே கிடைப்பார். நேதாஜி படையில் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், அது அந்த ஆணையத்தின் பட்டியலில் வராது. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் படை பற்றிய கோப்புகள் இருக்கின்றன, எழுதிக் கேட்கலாம்.


முன்னாள் ஹவில்தார் எழுதியது:

வாத்தியார் ஐயா, யோசித்தேன். துப்பாக்கி ஏந்தியவருக்குத் தனி இடம் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் அவரைத் தேடுகிற அளவுக்கு இவரையும் தேட வேண்டும் என்பதை ஏற்கிறேன். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்த பழைய நண்பர்கள் இருக்கிறார்கள், பெயர் தேடுவதில் என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்.


வன்னி மண் (வவுனியா, இப்போது திருச்சியில்) எழுதியது:

நான் இதற்குள் வரலாமோ தெரியவில்லை. எங்கட பக்கம் இது இன்னும் முடியாத கதை. 2009 மே மாதம் ராணுவத்திடம் கையால் பிடித்து ஒப்படைத்த பிள்ளையைக் காணாமல் போனவர் என்று எழுதினால் ஒரு தாயும் ஏற்கமாட்டாள். எங்கே கொடுத்தேன், எந்த பஸ்ஸில் ஏற்றினார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் காணாமல் ஆக்கப்பட்டவர் என்று சொல்கிறோம். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அம்மாக்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். பிள்ளையைப் பற்றி ஒரு பதிலும் கேட்காமலே சில அம்மாக்கள் செத்தும் போனார்கள். சிங்கள வீடுகளிலும் ஐயாயிரம் ராணுவத்தினர் வரை சண்டையில் காணாமல் போய், அந்தத் தாய்மாரும் காத்திருக்கிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2016ல் இலங்கையில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. காணாமல் போனவரின் குடும்பத்துக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் இப்போது இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழ் கொடுக்கலாம். அதை வைத்து வங்கி, காணி, உதவித்தொகை வேலைகளைப் பார்க்கலாம். ஆள் இறந்துவிட்டார் என்று நீங்கள் கையெழுத்துப் போடத் தேவையில்லை. எங்கட அம்மாக்கள் பலர் அதையும் வாங்கவில்லை, உண்மையைச் சொல்லாமல் காகிதத்தைத் தந்து அனுப்புகிறார்கள் என்று சொல்லி. ஆனால் அப்படி ஒரு வழி இருப்பது நல்லதுதான் என்று நான் நினைக்கிறேன்.


வாடைக்காற்று எழுதியது:

தங்கச்சி, நீ சொன்ன அந்தச் சான்றிதழ் எங்கள் மாமியாருக்குக் கிடைத்திருந்தால் எத்தனையோ விஷயம் சுலபமாக இருந்திருக்கும். அவருக்குப் பணம் எடுக்க வேண்டும், ஆனால் புருஷன் செத்தார் என்று தன் கையால் எழுதிக் கொடுக்கமாட்டேன் என்றார். வீட்டில் நாங்களே அவரைப் பிடிவாதக்காரி என்று பேசினோம்.


நோட்டரி படிக்கட்டு எழுதியது:

நம் நாட்டில் அப்படி ஒரு நடுச் சான்றிதழ் இல்லை. உயிரோடு இருப்பவர் அல்லது இறந்தவர், இரண்டே நிலை. நடுவில் ஏழு வருடம் குடும்பம் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஏழு வருடம் கழித்து இந்துத் திருமணச் சட்டப்படி மனைவி விவாகரத்து கேட்கலாம், மறுமணம் செய்யலாம். ஆனால் அந்த ஏழு வருடத்தில் பிள்ளையின் படிப்புக்கு அப்பாவின் கணக்கிலிருந்து பணம் எடுக்க நேரான வழி இல்லை. மீனவர் சங்கங்கள் கேட்க வேண்டிய கோரிக்கை இது. நிவாரணத் தொகையை உயர்த்தச் சொல்லி மனு கொடுக்கும்போது இதையும் ஒரு வரி சேர்க்கலாம்.


குடவாசல் வாத்தியார் எழுதியது:

வாடைக்காற்று அம்மா, உங்கள் மாமியார் பிடிவாதக்காரி இல்லை. வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த பாலின் பாஸ் என்ற உளவியல் அறிஞர் இந்த நிலைக்கென்றே தனியாக ஒரு பெயர் வைத்தார். முடிவு தெரியாத இழப்பில் இருப்பவருக்குத் துக்கம் முடிவதில்லை, அது அவருடைய பலவீனத்தால் வருவது இல்லை, சூழ்நிலையே அப்படி என்று அவர் எழுதினார். மனதுக்குள் ஆள் இருக்கிறார், வீட்டில் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் சுமக்கிறவரைப் போய் ஏதாவது ஒரு பக்கம் முடிவு எடு என்று நெருக்கக் கூடாது.

நம் முன்னோருக்கும் இது தெரிந்திருந்தது. ஆள் போய்ப் பன்னிரண்டு வருடம் பார்த்துவிட்டு, தர்ப்பையில் உருவம் செய்து அதற்குக் காரியம் செய்யும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு.


கோரையாற்றுக்காரி எழுதியது:

அந்தப் பன்னிரண்டு வருடக் காரியத்தைச் செய்ய என் கொள்ளுப்பாட்டி விடவில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் இறந்த பிறகு செய்யலாம் என்று தாத்தா நினைத்தாராம், அப்புறம் அவருக்கும் மனம் வரவில்லை. இப்போது செய்யலாமா என்று அத்தையிடம் கேட்டேன், "அவன் பிள்ளைங்க அங்க இருந்தா அதுங்க செஞ்சிருக்கும், நாம யாரு" என்றார். கோபத்தில் சொன்னாரா, நம்பிக்கையில் சொன்னாரா எனக்குப் புரியவில்லை. ஆகவே காரியத்தை இப்போதைக்கு விட்டுவிட்டோம்.

நில விஷயத்தில் வழக்குப் போடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். 1943ல் இறந்தார் என்று எழுதப்போவதில்லை, எங்களுக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டோம். அவருக்கு அங்கே வாரிசு இருந்தால் வரட்டும் என்று மலேசியத் தமிழ்ப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுக்கச் சொல்லி வக்கீலிடம் கேட்டிருக்கிறேன். கிள்ளான் தம்பி, தோட்டத்தின் பெயரை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், கடித முத்திரையின் படமும் இருக்கிறது.

இன்னொன்று, இதை எல்லோரையும் கேட்கிறேன். வாத்தியார் ஐயா பட்டியல் இல்லை என்றார், கிள்ளான் தம்பி பெயர்கள் நம் ஊர்களில் இருக்கின்றன என்றார். அப்படியென்றால் எழுதத் தொடங்குவோம். 1941 முதல் 1945க்குள் மலாயாவிலோ பர்மாவிலோ செய்தி நின்றுபோன உங்கள் வீட்டு ஆள் ஒருவர் இருந்தால், பெயர், தகப்பன் பெயர், ஊர், போன வருடம், கங்காணி, தோட்டம், கடைசிக் கடிதம் எப்போது, எது தெரிகிறதோ அதை மட்டும் எனக்கு அனுப்புங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே எழுதுங்கள். பெண்களையும் விடாதீர்கள், தனியாகப் போன பெண்கள் இருந்தார்கள், அவர்களைப் பற்றி வீட்டில் பேசாமல் விட்டிருப்பார்கள்.


கிள்ளான் பேரன் எழுதியது:

படம் கிடைத்தது அக்கா. அந்தத் தோட்டம் பிரித்து விற்கப்பட்டு இப்போது பாதி செம்பனை, பாதி வீடுகள். பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்கள் சிலர் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள், கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் வருவார்கள். அப்போது போய்க் கேட்கிறேன். அதுவரை எதையும் நம்பி இருக்க வேண்டாம்.


தென்னந்தோப்பு எழுதியது:

அக்கா, ஒரு பொதுத் தாளை இணையத்தில் போட்டு எல்லோரும் நிரப்புகிற மாதிரி நான் செய்து தருகிறேன். போன் இல்லாத பெரியவர்களிடம் கேட்டு எழுதப் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் குழுப் பையன்கள் போவார்கள். குறுவை அறுப்பு முடியட்டும்.


அலையாத்தி (முத்துப்பேட்டை) எழுதியது:

இந்த இழையைப் படிக்க மட்டும்தான் வந்தேன், இதுவரை எங்கும் எழுதியதில்லை. எங்கள் வாப்பாவின் மாமா ஒருவர் ஈப்போவில் துணிக்கடை வைத்திருந்தார். கடையை விட்டுவிட்டு 1942ல் ஊருக்கு வரக் கிளம்பியவர், பினாங்கு வரை வந்தார் என்று ஒருவர் சொன்னார், கப்பல் இல்லை, அதற்குமேல் தெரியாது. தோட்டத்தில் இல்லாதவரையும் சேர்ப்பீர்களா? சேர்ப்பீர்கள் என்றால் பெயரையும் தகப்பனார் பெயரையும் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். கடைசிக் கடிதம் 1941 நோன்புப் பெருநாளுக்கு வந்தது, அது எங்களிடம் இருக்கிறது.


கோரையாற்றுக்காரி எழுதியது:

கண்டிப்பாகச் சேர்ப்போம். அனுப்புங்கள்.